மூத்த பணியாளர்கள் மிகுந்த சிறு நிறுவனத்துக்கு எந்த மனிதவள உதவி பொருந்தும்?

இருபது, முப்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவு என்று தனியாக எதுவும் இருப்பதில்லை. சம்பளத்தைக் கணக்காளர் பார்த்துக்கொள்வார். விடுப்பு வாய்மொழியாகவே கேட்கப்பட்டு வாய்மொழியாகவே கொடுக்கப்படும். ஆளைச் சேர்ப்பதும் நிறுத்துவதும் உரிமையாளரின் பொறுப்பாக இருக்கும். பணியாளர்கள் இளையவர்களாக இருக்கும்வரை இந்த ஏற்பாடு பெரிய சேதமின்றி ஓடிவிடுகிறது. அவர்களில் பாதிப் பேர் ஐம்பத்தைந்தைத் தாண்டிய பிறகு, பணி ஓய்வு, மறுநியமனம், வேலை நேரக் குறைப்பு, நீண்ட மருத்துவ விடுப்பு, ஒருவருடைய நினைவில் மட்டுமே இருக்கும் வேலை நுணுக்கங்களை அடுத்தவரிடம் ஒப்படைப்பது எனக் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. நிர்வாகம் வெளியே உதவி தேடத் தொடங்குவது அப்போதுதான்.

கிடைக்கும் வழிகளை ஒப்பிடும்போது பலரும் மாதக் கட்டணத்தையும் வசதிகளின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். சம்பளப் பட்டியல், வரிப் பிடித்தம், விடுப்புக் கணக்கு ஆகியவற்றை எல்லா வழிகளும் ஏறத்தாழ ஒரே தரத்தில் செய்துவிடும் என்பதால், அந்தப் பட்டியலால் தேர்வு எளிதாகிவிடுவதில்லை. பணியாளரோடு உட்கார்ந்து அவருடைய வேலையையும் உடல்நிலையையும் வரும் ஆண்டுகளையும் பற்றிப் பேசப்போவது யார், அந்தப் பேச்சில் தெரிய வருவது யாருடைய கையில் இருக்கும் என்பதில்தான் இவ்வழிகள் பெரிதும் வேறுபடுகின்றன. அந்த அளவுகோலைக் கொண்டே இங்கே ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

உதவி எதற்குத் தேவைப்படுகிறது

வயதுக்கும் பணித்திறனுக்கும் உள்ள தொடர்பு மிகவும் மெலிந்தது என்பதே பல பத்தாண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளின் பொதுவான முடிவு. ஆனால் உடலின் தேவைகள் மாறுகின்றன. அறுபது வயதுக்காரரின் விழித்திரையை வந்தடையும் ஒளி, இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மூத்த பணியாளர்கள் நோய் விடுப்பு எடுக்கும் தடவைகள் குறைவு. எடுத்தால் நாட்கள் நீளும். வேலையிடக் காயங்களிலும் இதே போக்குதான்: காயம் படுவது குறைவு, குணமாவதற்கு ஆகும் காலம் அதிகம். பத்துப் பேர் கொண்ட நிறுவனத்தில் ஒருவர் மூன்று மாதம் வராமலிருந்தால் பத்தில் ஒரு பங்கு உழைப்பு இல்லாமல் போகிறது. அவர் திரும்பி வரும்போது முதல் வாரங்களில் எந்த வேலையைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது என்று யாராவது முன்கூட்டியே திட்டமிட்டிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட மாற்றங்களுக்குப் பெரிய செலவு ஆகும் என்ற அச்சம் பொதுவாக உண்டு. ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் நகரில் உள்ள பி.எம்.டபிள்யூ ஆலையில் 2007-இல் செய்யப்பட்ட சோதனை அதற்கு நல்ல பதில். பத்தாண்டுகளுக்குப் பிறகு ஆலையின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணக்கிட்ட நிர்வாகம், அதே சராசரி வயது வருமாறு 42 பேரை ஓர் உற்பத்தி வரிசையில் அமர்த்தி, எங்கே வலிக்கிறது, எதை மாற்ற வேண்டும் என்று அவர்களிடமே கேட்டது. மரத்தளம், உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய மேசைகள், உருப்பெருக்கிக் கண்ணாடிகள், இடையிடையே உட்கார நாற்காலிகள், நாளின் நடுவில் வேலை மாற்றம் எனச் சுமார் 70 சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன. மொத்தச் செலவு ஏறத்தாழ 40,000 யூரோ. ஓராண்டில் அந்த வரிசையின் உற்பத்தித்திறன் 7 விழுக்காடு உயர்ந்தது. அது பெரிய நிறுவனம்தான். ஆனாலும் மாற்றங்களில் பெரும்பாலானவை பணியாளர்களின் வாயிலிருந்து வந்தவை என்பதால், கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தால் சிறிய நிறுவனமும் அதையே தன் அளவில் செய்துகொள்ள முடியும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1980-இல் வெளியிட்ட மூத்த பணியாளர்கள் பற்றிய 162-ஆம் பரிந்துரையும் இதே திசையில்தான் பேசுகிறது. மூத்த பணியாளர் என்பதற்கு அது வயது எதையும் வரையறுக்கவில்லை. வயது கூடுவதால் வேலையில் இடர்களைச் சந்திக்கக்கூடியவர்கள் என்று மட்டும் சொல்லி, வேலையை ஆளுக்கேற்ப மாற்றுவதையும் ஓய்வை நோக்கிப் படிப்படியாக நகர்வதையும் முன்வைக்கிறது.

மென்பொருள் சந்தா

மிகவும் மலிவான வழி இது. வருகைப்பதிவு, விடுப்பு, சம்பளச் சீட்டு, ஆவணங்களின் காலாவதி நினைவூட்டல் ஆகியவற்றைப் பிழையில்லாமல் செய்யும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. மூத்த பணியாளர்கள் உள்ள இடத்தில் அது கூடுதலாக ஒரு சிக்கலையும் கொண்டுவரும். விடுப்பை இனிச் செயலியில்தான் கேட்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் நடப்பதைக் கவனித்தால் இது புரியும். திரையின் எழுத்து சிறிது; ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேர்வதற்குள் பக்கம் காலாவதியாகிவிடுகிறது. இரண்டு முறை முயன்று பார்த்த அறுபது வயதுப் பணியாளர், பக்கத்து மேசை இளைஞரிடம் கைப்பேசியை நீட்டிவிடுகிறார். அடுத்த மாதத்திலிருந்து கடவுச்சொல் அந்த இளைஞரிடமே இருக்கிறது. மருத்துவ விடுப்புக்கான காரணத்தைத் தட்டச்சு செய்வதும் அவரே. நிர்வாகத்தின் பார்வையில் அமைப்பு சரியாக இயங்குகிறது, ஒருவருடைய நோய் விவரம் பக்கத்து மேசைக்குப் போய்விட்டது என்பது மட்டும் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. மூத்தவர்களுக்குத் தொழில்நுட்பம் வராது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. எழுத்தின் அளவை மாற்ற முடிகிறதா, தாளிலும் விண்ணப்பிக்க வழி உண்டா என்று சந்தா கட்டுவதற்கு முன்பே யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உள்ளேயே ஒருவரைப் பொறுப்பாக்குவது

பல நிறுவனங்கள் இப்பொறுப்பைக் கணக்காளரிடம் கொடுக்கின்றன. சம்பளம் அவரிடம் இருப்பதால் மற்றதும் அங்கேயே இருக்கட்டும் என்பது அதன் தர்க்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. சம்பளத்தைப் போடுபவரிடம், முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியவில்லை என்று ஒருவர் மனம் திறந்து சொல்வார் என எதிர்பார்ப்பது கடினம்; சொன்னால் ஊதிய உயர்வு போய்விடுமோ என்ற கணக்கு அவர் மனத்தில் ஓடும். சம்பளத்தையோ பதவி உயர்வையோ முடிவு செய்யாத, எல்லோரும் மதிக்கிற அனுபவமிக்க மேற்பார்வையாளர் ஒருவர் பொருத்தமாக இருப்பார். வாரத்தில் சில மணிநேரத்தை அவருடைய மற்ற வேலையிலிருந்து எழுத்துப்பூர்வமாக விடுவித்து, அடிப்படைப் பயிற்சியும் தர வேண்டும். நேரம் ஒதுக்காமல் பொறுப்பை மட்டும் கொடுத்தால் சில மாதங்களில் அது பெயரளவில் நின்றுவிடும்.

வேலையை நேரில் பார்த்து அறிந்திருப்பதுதான் இந்த வழியின் வலிமை. யார் எந்த நேரத்தில் சோர்ந்துபோகிறார், யாரிடம் எந்த வாடிக்கையாளரின் வரலாறு இருக்கிறது என்பதெல்லாம் உள்ளிருப்பவருக்குக் கேட்காமலே தெரியும். பலவீனம் சட்ட அறிவில் இருக்கிறது. “இன்னும் எத்தனை நாள் வேலை பார்ப்பதாக உத்தேசம்?” என்று அறுபதைத் தொட்டவரிடம் மட்டும் நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் கேள்வி, பின்னாளில் வயதுப் பாகுபாட்டுக்குச் சான்றாக முன்வைக்கப்படலாம். “அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் உங்கள் வேலை எப்படி இருந்தால் நல்லது?” என்று வயது பார்க்காமல் எல்லோரிடமும் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டால் அதே விவரம் கிடைக்கும், யாரும் குறிவைக்கப்பட்டதாக நினைக்க மாட்டார்கள். இந்த நுணுக்கத்தை உள்ளிருப்பவருக்கு வெளியிலிருந்து ஒருவர் கற்றுத்தர வேண்டியிருக்கும்.

முழுப் பொறுப்பையும் வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பது

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் வெளி நிறுவனம் மனிதவளப் பணிகளைச் செய்து தரும், முதலாளி நீங்கள்தான். மற்றொன்றில், அமெரிக்காவில் பரவலாக இருப்பதுபோல, வெளி நிறுவனம் இணை முதலாளியாகிவிடும். சம்பளமும் வரியும் காப்பீடும் அதன் பெயரில் நடக்கும். அன்றாட வேலையை நீங்கள் நடத்துவீர்கள். அங்கே 2014-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி இத்தகைய நிறுவனங்கள் வரித்துறையிடம் சான்று பெறவும் முடியும்.

இணை முதலாளி முறைக்கு, மூத்த பணியாளர்கள் உள்ள இடத்தில் உண்மையான பயன் ஒன்று இருக்கிறது. சிறு குழுக்களின் மருத்துவக் காப்பீட்டில் வயது நேரடியாகக் கட்டணத்தை ஏற்றும். அமெரிக்கச் சட்டம் சிறு நிறுவனக் காப்பீட்டில் பெரியவர்களுக்கு மூன்று மடங்கு வரை வயதுவாரியான கட்டண வேறுபாட்டை அனுமதிக்கிறது. பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்றால் சுமை எவ்வளவு கனமாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கானோர் கொண்ட பெரிய குழுவில் சேரும்போது அந்தச் சுமை பரவலாகிறது. ஆனால் வெளி நிறுவனமும் கணக்குப் பார்க்கும் என்பதை மறந்துவிடலாகாது. சேர்க்கும் முன் அதுவும் வயதுப் பட்டியலைக் கேட்கும், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை உயர்த்தவும் செய்யும். முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு. புதுப்பிப்பின்போது உயர்வுக்கு உச்சவரம்பு உண்டா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

பேச்சு என்று வரும்போது இந்த வழி தடுமாறுகிறது. ஒரு கிடங்கை எடுத்துக்கொள்வோம். ஐம்பத்தெட்டு வயதுப் பொறுப்பாளர் முதுகுவலியால் ஒரு மாதத்தில் மூன்று முறை விடுப்பு எடுக்கிறார். மேலாளர் வெளி நிறுவனத்தின் உதவி எண்ணை அழைக்கிறார். புகார் எண் ஒன்று வருகிறது. இரண்டு நாள் கழித்து, மருத்துவரிடம் உடற்தகுதிச் சான்று வாங்கி அனுப்பும்படி மின்னஞ்சல் வருகிறது. நடைமுறையில் குறையொன்றும் இல்லை. ஆனால் கிடங்குக்குள் ஒருமுறை நடந்து பார்த்திருந்தால், அன்றாடம் அதிகமாக எடுக்கப்படும் கனமான பெட்டிகள் தரையோடு ஒட்டிய கீழ்த்தட்டில் அடுக்கப்பட்டிருப்பது கண்ணில் பட்டிருக்கும். அவற்றை இடுப்பளவுத் தட்டுக்கு மாற்றுவது அரைநாள் வேலை. சான்று கேட்டுக் கடிதம் போனதும், தன்னை வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள் என்று அவர் நினைக்கத் தொடங்கிவிடுவார். அதன் பிறகு தட்டை மாற்றினாலும் அந்த நினைப்பு எளிதில் போகாது.

மணிக்கணக்கில் ஆலோசகர்

ஆவணங்கள், சட்டச் சிக்கல்கள், ஒருவர் விலகும்போது எழுதப்படும் ஒப்பந்தங்கள் ஆகியவற்றுக்கு, தேவைப்படும்போது மணிநேரக் கட்டணத்தில் அழைக்கப்படும் ஆலோசகரைப் போல் பயன்படுபவர் இல்லை. வயது தொடர்பான சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதோடு, நிறுவனத்தின் அளவைப் பொறுத்தும் மாறும். அமெரிக்காவின் 1967-ஆம் ஆண்டு வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைக் காக்கிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தும். பதினெட்டுப் பேர் மட்டுமே உள்ளவர் தமக்குக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது, ஏனெனில் பல மாநிலச் சட்டங்கள் அதைவிடச் சிறிய நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன. பணம் பெற்றுக்கொண்டு விலகும் ஒருவர் இந்தச் சட்டத்தின் கீழான உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தால், 1990-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி யோசிப்பதற்கு 21 நாளும், கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் திரும்பப் பெறுவதற்கு 7 நாளும் தரப்பட வேண்டும். குழுவாகப் பலரை அனுப்பும் திட்டமென்றால் யோசிக்கும் காலம் 45 நாள். பிரிட்டனில் 65 வயது வந்ததும் முதலாளி ஓய்வு கொடுத்துவிடலாம் என்ற ஏற்பாடு 2011-இல் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் 2022 ஜூலை முதல் சட்டப்படியான ஓய்வு வயது 63 ஆகவும், மறுநியமனம் வழங்க வேண்டிய வயது 68 ஆகவும் உயர்த்தப்பட்டன. ஜப்பானில் 65 வயது வரை வேலை உறுதி செய்யப்பட வேண்டும். 70 வரை நீட்டிக்க முயல வேண்டும் என்ற கடமை 2021 ஏப்ரலில் சேர்ந்தது. எண்கள் இப்படி அடிக்கடி மாறிக்கொண்டிருக்க, சொந்த வேலைக்கு நடுவில் ஓர் உரிமையாளர் இவற்றைத் தொடர்ந்து கவனித்துவருவது நடவாத காரியம். இதற்காக ஒருவருக்குப் பணம் கொடுப்பது வீண் செலவாகாது.

ஆலோசகர்கள் சில கருவிகளையும் கொண்டுவருவார்கள். அவற்றில் புகழ்பெற்றது, ஃபின்லாந்தின் தொழில்சார் உடல்நல நிறுவனம் 1980-களில் உருவாக்கிய பணித்திறன் குறியீடு. ஏழு பகுதிகளில் கேள்விகள் கேட்டு 7 முதல் 49 வரை மதிப்பெண் தரும் இந்தக் கருவி, பெரிய நிறுவனங்களுக்கு மிகவும் உதவியிருக்கிறது. ஆனால் மருத்துவர் உறுதிசெய்த நோய்களையும் அது கேட்கிறது. பதினைந்து பேர் உள்ள இடத்தில், பெயரில்லாத படிவமாக இருந்தாலும், நீரிழிவும் இதயநோயும் உள்ள ஐம்பத்தொன்பது வயதுக்காரர் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். இத்தகைய கருவியை முன்மொழியும் ஆலோசகரிடம், தனிப்பட்ட விடைகள் நிர்வாகத்தின் கைக்கு வரவே வராது என்ற உறுதியைப் பெற வேண்டும். அது முடியாதென்றால் அந்தப் படிவத்தைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

பல நிறுவனங்கள் சேர்ந்து ஒருவரை அமர்த்துவது

இந்த வழியைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு இதுவே மிகவும் பிடித்தது. நான்கைந்து சிறு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு மனிதவள அலுவலரை நியமித்து, வாரத்தில் ஆளுக்கொரு நாள் என்று பகிர்ந்துகொள்கின்றன. பிரான்ஸில் 1985 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டம் இதற்கு முறையான வடிவம் கொடுத்தது: முதலாளிகள் கூடிச் சங்கம் ஒன்றை அமைப்பார்கள், பணியாளர் அந்தச் சங்கத்தின் ஊழியராக இருந்து உறுப்பு நிறுவனங்களில் முறைவைத்து வேலை செய்வார். இத்தகைய சட்டம் இல்லாத இடங்களில் தொழில்முனைவோர் சங்கமோ வணிகர் கூட்டமைப்போ கூட்டுறவோ இதே பணியைச் செய்யலாம்.

வாரத்துக்கு ஒருநாள் நேரில் வருபவருக்கு ஆட்களின் முகம் தெரியும், கிடங்கின் கீழ்த்தட்டும் கண்ணில் படும். அவர் உரிமையாளரின் ஆள் அல்ல என்பதால் பணியாளர்களும் கொஞ்சம் நம்பிக்கையோடு பேசுவார்கள். ஒரு நிறுவனத்தில் நிற்க முடியாமல் சிரமப்படும் அனுபவசாலிக்கு, இன்னொரு நிறுவனத்தில் உட்கார்ந்து செய்யும் பயிற்சியாளர் வேலை இருப்பது இவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். ஒரே முதலாளியிடம் இருக்கும் வாய்ப்புகள் குறைவு என்பதுதான் சிறு நிறுவனத்தில் வயதானவர்கள் சந்திக்கும் பெரிய தடை; அதைத் தாண்ட உதவும் வழி வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

சிரமங்களும் இருக்கின்றன. பிரெஞ்சு முறையில் சங்கத்தின் கடன்களுக்கு உறுப்பினர்கள் கூட்டாகப் பொறுப்பாவார்கள். ஒருவர் பணம் கட்டத் தவறினால் மற்றவர்கள் ஏற்க வேண்டும். ஒரே துறையில் போட்டியிடும் நிறுவனங்கள் தங்கள் சம்பள விவரத்தை ஒரே ஆளிடம் கொடுக்கத் தயங்குவது இயல்பு. வேறுவேறு துறைகளில் இருந்தாலும் அருகருகே இயங்கும் நிறுவனங்கள் சேர்ந்தால் இது பெரும்பாலும் தீரும். தொடங்குவதற்கு யாராவது ஒருவர் மற்றவர்களைப் போய்ப் பார்த்துப் பேசி, விதிகளை எழுதி, சில மாதங்கள் பொறுமையாக இருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான விலை.

இலவச அரசு உதவிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிரிட்டனில் ஏகாஸ் என்ற பொது அமைப்பு, முதலாளிகளுக்கும் பணியாளர்களுக்கும் தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை தருகிறது. அமெரிக்காவில் ஜான் என்று அழைக்கப்படும் சேவை, உடல்நிலைக்கேற்ப வேலையிடத்தை மாற்றுவது பற்றிக் கட்டணமின்றி வழிகாட்டுகிறது. வேறு நாடுகளிலும் இதுபோல ஏதாவது இருக்கலாம். கட்டணம் கொடுத்து யாரையும் அமர்த்தும் முன்பு இதைத் தேடிப் பார்க்காமலிருப்பது சோம்பல்தான்.

என் தேர்வு

பத்துப் பேருக்குக் குறைவான இடத்துக்கு வெளி நிறுவனம் தேவையில்லை. சம்பளக் கணக்குக்கு மென்பொருள், பேச்சுக்கு உள்ளிருக்கும் ஒருவர், சட்டச் சிக்கலுக்கு மணிக்கணக்கில் ஆலோசகர் என்ற சேர்க்கை போதும். பத்து முதல் ஐம்பது பேர் வரை உள்ள நிறுவனம், பகிர்ந்துகொள்ளும் அலுவலருக்கான கூட்டாளிகளைத் தேட வேண்டும். கிடைக்கும்வரை மேற்சொன்ன சேர்க்கையைத் தொடரலாம். காப்பீட்டுச் செலவே தலையாய சிக்கலாக இருக்கும் நாட்டில் மட்டும் இணை முதலாளி முறையை முதலில் பரிசீலிக்கலாம். அப்போதும் ஆண்டுக்கொரு முறை நடக்கும் பேச்சையும், நீண்ட விடுப்பிலிருந்து திரும்புபவரை வரவேற்று வேலை பிரித்துக் கொடுப்பதையும் நிறுவனமே வைத்துக்கொள்ள வேண்டும். பணியாளர் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டினாலோ, பல ஊர்களில் கிளைகள் இருந்தாலோ இந்தக் கணக்கு மாறும். அங்கே முழுநேர அலுவலர் ஒருவரை அமர்த்துவது கட்டுப்படியாகும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், ஒருவர் ஓய்வு பெறக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே அவருடைய பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் வேலையைத் தொடங்குவது முறை. அதற்குப் பிறகு தொடங்கினால் பெரும்பாலும் கடைசி மாதத்தில் அவசர அவசரமாக எழுதப்பட்ட ஒரு குறிப்பேடுதான் மிஞ்சும். “நீங்கள் என்ன செய்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள்” என்று கேட்டால் முப்பது ஆண்டு அனுபவசாலி எழுதித் தருவது அரைப்பக்கம் தாண்டாது. ஒரு வாரம் அவர் பக்கத்தில் புதியவரை உட்காரவைத்து, ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் பிறகு “இவருக்கு ஏன் இப்படிப் பதில் சொன்னீர்கள்?” என்று கேட்கச் சொன்னால் பல பக்கங்கள் நிறையும். உதவிக்கு வரும் நிறுவனமோ ஆலோசகரோ இந்த ஒப்படைப்பை எப்படி நடத்துவார் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுப் பார்க்கலாம். வார்ப்புருவை எடுத்து நீட்டுபவரையும், யாரோடு யாரை உட்காரவைக்கலாம் என்று திருப்பிக் கேட்பவரையும் அந்த ஒரு கேள்வியே பிரித்துக் காட்டிவிடும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் விலகும் விதியைப் படிக்க வேண்டும். எத்தனை மாத முன்னறிவிப்பு, விலகிய பிறகு பணியாளர்களின் மருத்துவ விவரங்களும் பணிப்பதிவேடும் எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும், சேவை தருபவரிடம் உள்ள நகல்கள் எப்போது அழிக்கப்படும் என்பன அதில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால், முப்பது ஆண்டுப் பணிப்பதிவேட்டை மீட்பதற்காகவே பிடிக்காத ஒரு சேவையை இன்னும் ஓராண்டு நீட்டிக்க வேண்டியிருக்கும்.